பொட்டலமும் நாணயமும்

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



இந்த மேடையில் சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று செயலாளர் எனக்குக் கொடுத்த விஷயமோ, கடைச் சரக்கைக் கட்டிக் கொடுக்கும் பொட்டலம். "பொட்டலத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் தமக்குள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரிக்கட்டும். நம் பதுளை நகரிலும் பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை, பசறை, லுணுகலை முதலிய ஊர்களிலும், தோட்டத்து லயங்களின் முகப்பிலும் எத்தனை சிறு கடைகள் இருக்கின்றன! அவற்றை நம்பி எத்தனை குடும்பங்கள் சீவிக்கின்றன! கொழும்புக்குப் போய்ப் பிறர் கடையில் நிற்பதைவிட, ஊரிலேயே இருந்து மிளகாய்த்தூளோ கறித்தூளோ முறுக்கோ செய்து விற்றுப் பிழைப்போம் என்று துணியும் பிள்ளைகளும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் முதலில் மறிக்கும் கேள்வி இதுதான்: சரக்கு இருக்கிறது, அதை எதில் கட்டுவது?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பெரியவர்கள், "சரக்கு நல்லதானால் எதில் கட்டினால் என்ன? பழைய கடதாசியே போதும்" என்கிறார்கள். வாலிபர்களோ, "அது அந்தக் காலம். பெரிய அங்காடிகளில் பளபளவென்று அடுக்கியிருப்பதைப் பார்த்துப் பழகிய சனம் நம் பொட்டலத்தை ஏறெடுத்தும் பாராது" என்கிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு பக்கத்தாரும் கேட்க மறந்த வேறொரு கேள்வி உண்டு. அதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், பொட்டலம் என்பது நேற்று வந்த நாகரிகம் அல்ல என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையைப் படித்தவர்கள் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தை அறிவார்கள். ஏற்றவும் இறக்கவும் வந்த பண்டப் பொதிகளை அளந்து, சோழனின் புலி முத்திரையைப் பொறித்து வெளியே விட்டார்கள் என்று அந்நூல் கூறுகிறது. பொதியும் அதன் மேல் ஓர் இலச்சினையும் அன்றே நம்மவருக்குப் பழக்கம். அந்த நகரத்து வணிகர் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறையாகக் கொடாமலும் வாழ்ந்தவர்கள் என்பதையும் அதே நூல் சொல்லி வைத்திருக்கிறது. முத்திரையையும் நேர்மையையும் ஒரே பாட்டில் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக் குட்டானைப் பாருங்கள். பனையோலையில் இழைத்த சிறு கூடு, அதற்குள் பனங்கட்டி. ஓலை அந்த மண்ணிலேயே கிடைப்பது. இழைப்பது அந்த ஊர்ப் பெண்களின் கை. எடுத்துப் போகவும் வசதி, பார்க்கவும் அழகு. எழுத்து ஒன்றும் இல்லாமலே, 'நான் யாழ்ப்பாணத்துச் சரக்கு' என்று அது தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறது. மலிவும் நேர்த்தியும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்களுக்கு அந்தக் குட்டான் ஒன்றே போதிய பதில்.

இனி நம்முடைய ஊவாவுக்கு வருவோம். பொட்டலத்தின் சரித்திரத்தில் நம் மலைக்கு ஒரு பெரிய இடம் உண்டு என்றால் வியப்பீர்கள். தேயிலை இங்கிலாந்தில் வெகுகாலம் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. கடைக்காரன் அதிலே வேறு இலையைக் கலந்தான், சாயத்தைக் கலந்தான், வாங்குபவனுக்கு எது அசல் என்று தெரியாது. 1826ஆம் ஆண்டில் ஜோன் ஹோர்னிமன் என்பவர் தேயிலையை முன்கூட்டியே நிறுத்து, உறையிலிட்டு மூடி விற்கத் தொடங்கினார். மூடிய உறை என்பது அங்கே அலங்காரத்துக்காகப் பிறக்கவில்லை. கலப்படத்துக்கு மருந்தாகப் பிறந்தது.

அந்த வழியைப் பெரிதாக்கியவர் தோமஸ் லிப்டன். 1871இல் கிளாஸ்கோ நகரில் ஒரு சிறு பலசரக்குக் கடையோடு தொடங்கியவர் அவர். 1890இல் இலங்கைக்கு வந்து, நம் அப்புத்தளைக்கு மேலே உள்ள டம்பேத்தென்னைத் தோட்டத்தையும் வேறு தோட்டங்களையும் வாங்கினார். தோட்டமும் தம்முடையது, கடையும் தம்முடையது என்ற நிலையில், நடுவிலே இருந்த தரகு குறைந்தது. மற்றக் கடைகளைவிட மலிவாக விற்க முடிந்தது. ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று உறைகளில் இட்டு, நிறையையும் தம் பெயரையும் அதன் மேல் அச்சிட்டார். கூலிக்காரன் வீட்டுப் பெண்ணும் தன் கைக்காசுக்கு ஏற்ற ஓர் உறையை வாங்க முடிந்தது. எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் அதே நிறை, அதே குணம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கைதான் அவருடைய தேயிலை வியாபாரத்தை வளர்த்தது.

இதைச் சொல்லும்போது ஒரு வேதனையும் கூடவே வருகிறது. அந்த உறைக்குள் இருந்த கொழுந்து யார் பறித்தது? நம் பாட்டிமாரும் பூட்டிமாரும் பறித்தது. இலங்கைத் தேயிலையின் விளம்பரங்களிலும் டப்பாக்களிலும் கூடை சுமந்த பெண்ணின் படத்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். படம் அவளுடையது, பெயர் வேறொருவருடையது. நம் மலையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்குப் போயிற்று. 1924இல் பதுளைக்கு ரயில் வந்த பிறகு இன்னும் விரைவாகப் போயிற்று. உறையும் பெயரும் வேறிடத்தில் ஏறின. இலாபத்தின் பெரும்பங்கும் அங்கேதான் நின்றது. சரக்கைச் செய்பவன் ஒருவன், உறையிடுபவன் ஒருவன் என்று இருந்தால் ஆதாயம் யார் பக்கம் போகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? ஆகவே, நம் பிள்ளைகள் தம் கையால் செய்த சரக்குக்குத் தம் கையாலேயே உறையிட்டு, தம் பெயரையே எழுதக் கற்றுக்கொள்வது அற்ப விஷயம் அல்ல.

நிற்க. முதலில் ஒரு கேள்வியைச் சொல்லாமல் விட்டேன் அல்லவா? அது இதுதான்: பொட்டலத்தின் விலையை யார் கொடுக்கிறார்?

"முதலாளி கொடுக்கிறார்" என்பீர்கள். இல்லை, வாங்குகிறவர் கொடுக்கிறார். அவர்களிலும் மிகுதியாகக் கொடுப்பவர் மிகவும் ஏழை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்குத்தான், விலைகள் நாளுக்கு நாள் மாறும். 500 கிராம் மிளகாய்த்தூள் பிடிக்கும் ஓர் உறைக்கு, அச்சுச்சீட்டும் சேர்த்து, 20 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் பிடிக்கும் சிறிய உறை 2 ரூபாய்க்குக் கிடைக்குமா? கிடைக்காது. ஒட்டும் கூலியும் சீட்டும் அதற்கும் உண்டு. 8 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். நகரத்து உத்தியோகத்தர் ஒரே தடவையில் 500 கிராம் வாங்குகிறார். உறைக்காக 20 ரூபாய் கொடுக்கிறார். லயத்தில் இருக்கும் நம் அக்காவிடம் அன்றன்றைக்கு இருக்கும் காசு கொஞ்சம். வாரத்துக்கு இரண்டு தடவை 50 கிராம் வாங்குகிறாள். ஐந்து வாரத்தில் அவளும் அதே 500 கிராம் வாங்கிவிடுகிறாள். ஆனால் உறைக்காக அவள் கொடுத்தது 80 ரூபாய். ஒரே தூளுக்கு, இல்லாதவள் இருப்பவரைவிட 60 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறாள்! அந்த உறையை அவள் தின்னப் போகிறாளா? கிழித்து எறியப் போகிறாள்.

இதோடு போயிற்றா? சில கடைகளில் உறையையும் சேர்த்தே தராசில் வைக்கிறார்கள். உறை 3 கிராம் என்றால் 50 கிராம் என்று எழுதிய பொட்டலத்தில் தூள் 47 கிராமே. இருபது பொட்டலம் விற்கும்போது 60 கிராம் தூள், அதாவது ஒரு முழுப் பொட்டலத்துக்கு மேலேயே, வாங்கியவர் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே நின்றுவிடுகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கு என்றும் சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோக்கணக்கைக் கழிக்கும் வழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதைப் பற்றிக் குறை சொல்லாத வீடு தோட்டத்தில் இல்லை. காலையில் அவளுடைய சாக்கின் நிறையைக் கழிக்கிறார்கள். மாலையில் நாம் நம் உறையின் நிறையைக் கூட்டுகிறோம். இரண்டிடத்திலும் நட்டம் அவளுக்கே. வெளியார் செய்யும்போது அநீதி என்று பேசும் நாம், நம்மவர் கடையில் நம்மவருக்கு அதைச் செய்யலாமா?

வள்ளுவர் வணிகருக்குரிய அறத்தை நடுவுநிலைமை என்ற அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதிச் செய்வதே வாணிகம் என்பது அவர் கருத்து. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பொட்டலத்தைத் தேர்ந்தெடுக்கப் பழகினால் வழி தானே புலப்படும். என் மனத்திற்பட்ட மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். இந்த உறை சரக்கைக் காக்கிறதா? உண்மையைச் சொல்கிறதா? வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கட்டுப்படியாகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அந்த உறையை எடுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் எவ்வளவு அழகானதாயினும் விட்டுவிடுங்கள்.

காப்பது என்பதை முதலில் பார்ப்போம். ஊருக்கு ஊர் சுவாத்தியம் வேறு. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் வாசம் வருகிறது. அதே மலையில் ஐப்பசி பிறந்தால் மழை. அப்புத்தளையில் பட்டப்பகலிலும் மூடுபனி கடைக்குள்ளே வந்து குந்திக்கொள்கிறது. மொறுமொறுப்பான முறுக்கு, இங்கே மாரிகாலத்தில் சாதாரணக் கடதாசிப் பையில் விரைவில் நமுத்துப் போகும். சீனி கட்டியாகும், உப்புக் கசியும், அப்பளம் துவளும். ஆகவே ஈரத்தை இழுக்கும் சரக்குக்கு ஈரம் புகாத உறை வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால் உறைக்காசு மிஞ்சும், சரக்கு போய்விடும்.

மிளகாய்த்தூளின் நிறத்துக்குப் பகைவன் வெளிச்சம். கண்ணாடிபோன்ற உறையில் கட்டி வெயில்படும் முகப்பில் தொங்கவிட்டால் சில வாரங்களில் நிறம் மங்கி, பழைய சரக்குப்போல் தோன்றும். எண்ணெயில் பொரித்த பண்டமும் வெளிச்சத்திலும் காற்றிலும் சிக்கு நாற்றம் எடுக்கும். இவற்றுக்கு உள்ளே அலுமினியப் பூச்சுள்ள உறையோ, அது கட்டுப்படியாகாவிட்டால் நிழலான அலுமாரியோ வேண்டும். தேயிலைத்தூள் அயலில் உள்ள வாசம் அனைத்தையும் இழுத்துக்கொள்ளும். கருவாட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, தூள் நன்றாக இல்லை என்று தோட்டத்தைக் குறை கூறிப் பயனில்லை. தொழிற்சாலைகளில் முற்காலத்தில் உலோகத்தாள் விரித்த மரப்பெட்டிகளில் தேயிலையை அடைத்ததும், இப்போது பல அடுக்குக் கடதாசிச் சாக்குகளில் அடைப்பதும் இந்தக் காரணத்துக்காகவே. ஆனால் பருப்பு, பயறு, கடலை, கிழங்கு, வெங்காயம் முதலியவற்றை அன்றாடம் நிறுத்துக் கொடுப்பதற்கு ஒரு நல்ல பழுப்புநிறக் கடதாசிப் பை தாராளமாகப் போதும். இவற்றுக்கும் பளபளப்பு உறை வாங்குவது வீண்.

பழைய பத்திரிகைத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. அச்சு மை வயிற்றுக்கு ஆகாது. வடையையும் பொரியலையும் சூட்டோடு பத்திரிகைத் தாளில் வைத்தால் எண்ணெயோடு மையும் சேர்ந்து ஊறுகிறது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இதைக் கண்டித்து எச்சரிக்கை விடுத்தது. தின்பண்டத்துக்கு வாழையிலை இருக்கிறது. அச்சில்லாத வெள்ளைத்தாள் இருக்கிறது. அவற்றைக் கைக்கொள்வோம். பொட்டலத்தைக் கம்பியூசி அடித்து மூடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அந்த ஊசி ஒரு குழந்தையின் சோற்றில் விழுந்தால் நம் கடையின் பெயர் என்ன ஆகும்? நூலால் கட்டலாம், ஒட்டலாம். மெழுகுதிரிச் சுடரில் பொலித்தீன் விளிம்பை உருக்கி ஒட்டும் முறையும் நம்பத்தக்கதல்ல. ஓரிடத்தில் ஒட்டும், ஓரிடத்தில் வாய் பிளக்கும். சூட்டினால் ஒட்டும் சிறு இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தால் அந்தச் செலவு விரைவிலேயே திரும்பி வந்துவிடும். உறைக்குச் செலவழிக்கத்தக்க முதற்காசு படத்துக்கு அல்ல, வாய்மூடிக்கு என்பதை வாலிபர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, உண்மையைச் சொல்வது. உறையின் மேல் என்ன எழுத வேண்டும்? சரக்கின் பெயர், உறையின் நிறை நீங்கிய நிகர நிறை, செய்த திகதி, காலாவதியாகும் திகதி, விலை, செய்தவரின் பெயரும் விலாசமும். தூள் வகையானால் உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும். பெயரும் விலாசமும் போடத் தயங்குபவரின் சரக்கை யாரும் நம்பமாட்டார்கள். தராசு முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். உணவுப்பண்டம் கட்டத் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு விதிகளைக் கேட்டு அறியுங்கள். தேயிலையை உறையிட்டு விற்க விரும்புபவர் முதலில் தேயிலைச் சபையின் விதிகளை அறிய வேண்டும். உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலை உறை மீது சிங்க முத்திரையைக் காண்கிறோம். முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே உறையிடப்பட்டாலன்றி அந்த முத்திரையைப் போட முடியாது. ஒரு சிறு படத்துக்கு அவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருப்பதால் வந்தது. உங்கள் கடையின் இலச்சினையும் அப்படியே. படம் வரைவது எளிது. அதற்குப் பின்னால் நிற்கும் வாக்கைக் காப்பாற்றுவதே அரிது.

பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பதுளைச் சந்தையில் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் சிங்களச் சகோதரர்கள். அவர்களுடைய மொழியில் அவர்களுக்குப் பெயரைச் சொல்வது வியாபாரத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது. ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் பிழையின்றி எழுத வேண்டும். 'கறித்தூள்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'கரித்தூள்' ஆகிவிடும். அதை வாங்கி அடுப்பிலா போடுவது, சட்டியிலா போடுவது? (சிரிப்பு.) அச்சுக்குக் கொடுக்குமுன் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்குச் செலவு இல்லை.

மூன்றாவது, கட்டுப்படியாவது. பல வண்ணங்களில் அச்சிட்ட உறையில்லாமல் நேர்த்தி வராது என்று வாலிபர்கள் எண்ணுகிறார்கள். அந்த உறைகள் பெரும்பாலும் உலோக உருளைகளால் அச்சாகின்றன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் உருளை தனியே செதுக்க வேண்டும். ஆயிரம் உறை அடித்தாலும் இலட்சம் உறை அடித்தாலும் செதுக்குகூலி ஒன்றே. ஆகவே அது இலட்சக்கணக்கில் விற்பவருக்கு மலிவு, நமக்கு யானைத்தீனி. அத்துடன், அச்சிட்ட உறை மூட்டையாக வந்து இறங்கிய பிறகு விலையோ விலாசமோ மாறினால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

நம்முடைய வழி வேறு. அச்சில்லாத வெற்று உறைகளை இரண்டே அளவில் வாங்குங்கள். எல்லாச் சரக்குக்கும் அந்த இரண்டு அளவும் பொருந்தும்படி அமைத்துக்கொண்டால் ஒரே வகையை நிறைய வாங்கலாம், விலையும் இறங்கும். ஒரே வண்ணத்தில், தெளிவான பெரிய எழுத்தில், ஒரு சீட்டு அச்சிடுங்கள். பதுளை அச்சகங்களில் அதை எளிதாகச் செய்துகொள்ளலாம். திகதியையும் விலையையும் இறப்பர் முத்திரையால் அன்றன்று இடலாம். கடதாசிப் பைக்குச் சீட்டும் வேண்டியதில்லை; கடையின் பெயருள்ள ஒரு முத்திரையே போதும். ஆனால் சீட்டை எல்லா உறையிலும் ஒரே இடத்தில் நேராக ஒட்ட வேண்டும். முத்திரை கலங்காமல் விழ வேண்டும். உறையின் வெளியே தூள் படியக் கூடாது. கட்டுபவரின் கை கழுவியிருக்க வேண்டும். சரக்குகள் பலவானாலும் எழுத்தும் வண்ணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். கவனம் ஒன்றே வேண்டும். அலுமாரியில் அப்படி இருபது பொட்டலம் ஒரு வரிசையில் நின்றால் பார்ப்பவருக்கு மதிப்புத் தானே வரும்.

அந்த ஏழை அக்காவுக்கு என்ன வழி? சிறிய பொட்டலத்தை நிறுத்திவிட முடியாது. அவளிடம் அன்று இருக்கும் காசு அவ்வளவுதான். ஆனால் கடையில் மூடியுள்ள பெரிய போத்தலில் தூளை வைத்து, அவள் கொண்டுவரும் டப்பாவில் சுத்தமான கரண்டியால் நிறுத்துப் போட்டால் அந்த 8 ரூபாய் அவளுக்கே மிஞ்சும். டப்பாவைக் கொண்டுவருபவருக்கு உறையின் விலையைக் கழிப்பதாக ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். "உறையில் இட்ட விலை இது, உறையில்லாத விலை இது" என்று இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லும் கடைக்காரரை ஊர் மறக்காது. வாங்குபவரை மதிப்பதுதான் மேலான நேர்த்தி. அந்த மதிப்பு இல்லாமல் உறை மட்டும் பளபளத்து என்ன பயன்?

சட்டத்தையும் குப்பையையும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு நாளில் கொழும்புக்கு அண்மையில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகள் மூடுண்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் கடைகளில் கொடுத்து எறிந்தது எல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் மலையாகக் குவிகிறது என்பதை நாடு அன்று உணர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாளும், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனும் தடைசெய்யப்பட்டன. 20 மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. 2025 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்காமல் விலையைக் காட்டி விற்க வேண்டும் என்றும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பணித்தது. இதனால் வியாபாரம் கெடும் என்று பயப்பட வேண்டாம். பையின் விலை இதுவரை சரக்கின் விலைக்குள் மறைந்திருந்தது. இப்போது வெளியே வந்தது, அவ்வளவே. நம் லயங்களின் ஓரத்துக் கான்களில் பொலித்தீன் அடைத்து மழைநீர் வாசலுக்கு வருவதைக் கண்டவர்கள் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லமாட்டார்கள்.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டில் நடந்தது நமக்கு நல்ல வழிகாட்டி. 2019 சனவரி முதலாந் திகதி அங்கே ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது. மஞ்சள் துணிப்பை அங்கே புதிதல்ல. புடைவைக் கடைக்காரரும் கலியாண வீட்டாரும் தத்தம் பெயரை அச்சிட்டுக் கொடுத்த பழைய பைதான் அது. இடையில் அதைக் கையில் எடுத்தவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த காலமும் இருந்தது. கேலி செய்த பிளாஸ்டிக் பை குப்பையாயிற்று. மஞ்சள் பை திரும்பவும் மேடை ஏறிற்று. ஒரு கடையின் பெயர் அச்சிட்ட துணிப்பை வருடக்கணக்கில் சந்தைக்கும் ஊர்ப்பயணத்துக்கும் போய்வருகிறது. அதைவிட மலிவான விளம்பரம் உண்டா? பைக்கு ஒரு விலை வைத்து, கிழியாமல் திருப்பிக் கொடுத்தால் காசைத் திருப்பிக் கொடுக்கலாம். நம் பிரதேசத்தில் தையல் தெரிந்த பெண்கள் ஏராளம். அவர்களுக்கும் ஒரு வருமானமாகும்.

முடிவாக, நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். தனி ஒரு கடைக்காரர் ஐந்நூறு உறை வாங்கினால் சில்லறை விலை. பத்துக் கடைக்காரர் சேர்ந்து ஐயாயிரம் வாங்கினால் மொத்த விலை. ஒட்டும் இயந்திரம் ஒன்றை வைத்து ஐந்து பேர் முறைபோட்டுப் பாவிக்கலாம். பசறையில் மிளகு காயவைப்பவரும், வெலிமடையில் தோட்டம் செய்பவரும், பதுளையில் தூள் இடிப்பவரும் சேர்ந்து நின்றால் உறை வாங்குவதோடு நில்லாமல் ஒருவர் சரக்கை ஒருவர் கடையில் வைத்து விற்கவும் வழி பிறக்கும். கூட்டுறவு என்ற சொல்லை மேடையில் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். பெரிய காரியங்களில் அதைத் தேடி அலைவதைவிட, இந்தச் சின்னஞ்சிறு பொட்டலத்தில் தொடங்கிப் பார்ப்போம். கணக்கு எழுதத் தெரிந்த வாலிபர் இருவர் முன்வர வேண்டும். முதல் கொள்வனவுக்குக் கைமாற்றுக் கொடுக்கப் பெரியவர் ஒருவர் முன்வர வேண்டும். இந்த வருட மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்த மூவரும் கிடைத்திருப்பார்களானால் என் பேச்சு வீண்போகவில்லை.

பெரியவர்களே, நல்ல சரக்குக்கு நல்ல உறை கொடுப்பது ஆடம்பரம் அல்ல. உழைப்புக்குச் செய்யும் மரியாதை. வாலிபர்களே, உறையின் அழகு உள்ளே இருக்கும் நிறையைக் குறைக்கக் கூடாது. உள்ளே நாணயம் இருக்கட்டும். வெளியே துப்புரவு இருக்கட்டும். மேலே நம் பெயர் இருக்கட்டும். அப்படி ஒரு பொட்டலம் நம் மலையிலிருந்து புறப்படுமானால், அதை வாங்கிப் பிரிப்பவர் எந்த ஊரவராயினும் நம்மை மதிப்பார்.